இந்தப் பாய் இழுக்கும், அந்தப் பாய் தள்ளும்

மார்ச் 2, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் எந்த வருஷமோ கொடுத்தது. கிழமை பொருந்தாது, அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கன்வாடிக்கென்று அரசாங்கம் கொடுத்த பதிவேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பிள்ளையின் எடை என்ன, முட்டை எத்தனை, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பிள்ளை என்ன பேசியது என்று எழுத மட்டும் கட்டம் கிடையாது. அதற்குத்தான் இது.

இந்த மாதத் தலைப்பு தள்ளுதல், இழுத்தல். கூட்டத்தில் சூப்பர்வைசர் மேடம் ஒரு காகிதத்தை நீட்டி, "விருத்தாம்பாள், நீங்க சீனியர். மாசக் கடைசியில உங்க மையத்தைத்தான் பாக்க வருவேன்" என்றார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் கூடுதல் வேலையாகத்தான் வந்திருக்கிறது.

பிள்ளைகள் இருபத்திரண்டு. ஊர்த்தெருவிலிருந்து பதின்மூன்று, காலனியிலிருந்து ஒன்பது. உதவியாளர் பணியிடம் இரண்டு வருஷமாகக் காலி. சமைப்பது, பெருக்குவது, மூக்கு சிந்திவிடுவது எல்லாம் நானே. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்று இருக்கிறது. வீடு என்றால் அண்ணன் வீட்டுப் பின்கட்டு. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் அண்ணி ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்புவாள்.

மார்ச் 3, செவ்வாய்

கதவைத் தள்ளினோம், இழுத்தோம். மேசை டிராயரை இழுத்தோம், அது கையோடு வந்துவிட்டது. யார் யார் வீட்டில் எதைத் தள்ளுகிறார்கள், எதை இழுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எங்க அப்பா வண்டி ஸ்டார்ட் ஆவாது டீச்சர். அம்மா தள்ளும், அப்பா திட்டும்" என்றான் யுகேஷ்.

"எங்க அம்மா என்னைத் தெனம் இழுத்துக்கிட்டுதான் இங்க வருது" என்றாள் ஓவியா. காலனிப் பிள்ளை. நாலு வயசு, பேச்சு நாற்பது.

சோறு தொண்டைக்குள் போவது தள்ளுவதா, இழுப்பதா என்று யுகேஷ் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

மார்ச் 4, புதன்

முட்டையில் இரண்டு உடைசல். சோறு தள்ளப்படுகிறது என்று அறிவித்துவிட்டேன். யுகேஷ் நம்பவில்லை.

மார்ச் 5, வியாழன்

இருபத்தேழாம் தேதி அம்மன் தேர். பிள்ளைகள் வாயில் வேறு பேச்சே இல்லை. அப்படியானால் தேரை வைத்தே பாடம் நடத்துவோம் என்று தோன்றியது. அண்ணன் வீட்டில் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி சும்மா கிடந்தது. அதை உடைந்த பொம்மை வண்டியின் மேல் வைத்துக் கட்டினேன். கனத்துக்கு உள்ளே ஒரு சத்துமாவு மூட்டை. வடத்துக்குக் கொடிக்கயிறு. அம்மனுக்கு ஒரு கை இல்லாத பொம்மை. "சண்டையில போயிடுச்சு" என்று பிள்ளைகளே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளைப் பிரிப்பதில் சிரமமே இல்லை. மையத்தில் இரண்டு பாய் உண்டு. சன்னல் பக்கத்துப் பாயில் ஊர்த்தெருப் பிள்ளைகள், அடுப்புப் பக்கத்துப் பாயில் காலனிப் பிள்ளைகள். கூப்பிட வருகிறவர்களின் வசதிக்காக முதலிலிருந்தே அப்படி. இந்தப் பாய் இழுக்கும், அந்தப் பாய் தள்ளும் என்றேன். சன்னல் பாய் முன்னால் ஓடிக் கயிற்றைப் பிடித்தது, அடுப்புப் பாய் பின்னால் போய் நின்றது. தேர் அறையை மூன்று முறை சுற்றி வந்தது. இந்த வருஷத்தில் இதுதான் நல்ல பாடம்.

மார்ச் 6, வெள்ளி

ஒவ்வொரு பிள்ளையும் இரண்டையும் செய்து பார்க்க வேண்டும் என்று காகிதத்தில் இருக்கிறது. அதனால் இன்று அடுப்புப் பாய் இழுக்கட்டும் என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. ஓவியா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கயித்தைப் பிடிம்மா."

"மாட்டேன் டீச்சர்."

"ஏன், கை வலிக்குதா?"

"நாங்க தள்றவங்க டீச்சர். கயிறு அவங்களுது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்பிடித்தான்."

எங்கள் ஊர்த் தேர் அப்படித்தான் ஓடுகிறது. வடம் ஊர்த்தெருவுக்கு. பின்னாலிருந்து சக்கரத்தை நெம்பித் தள்ளுவதும், திருப்பத்தில் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதும் காலனிக்கு. ஓவியாவின் அப்பா ஏழுமலைதான் கட்டை போடுகிறவர்களில் முதல் ஆள். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. இந்த அறைக்குள் அது இருக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"அவங்க தொட்டா அம்மன் கோச்சுக்கும் டீச்சர்" என்று சாட்சி சொன்னாள் தன்யஸ்ரீ. என் அண்ணன் பேத்தி. வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுகிற வயசு இரண்டுக்கும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தரையில் உட்கார்ந்து ஓவியாவின் கையைப் பிரித்துக் கயிற்றை வைத்தேன்.

"இது துணி காயப்போடுற கயிறு. என் புடவை, பாவாடையெல்லாம் தொங்கின கயிறு. இதைத் தொட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. இழு."

முதலில் ஒரு விரலால் இழுத்தாள். பெட்டி அசைந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்பது பேரும் விழுந்தடித்துப் பிடித்து இழுத்த இழுப்பில் தேர் போய்ச் சுவரில் மோதி, சத்துமாவு சிதறி, அம்மன் அடுப்படியில் விழுந்தாள். ஓவியா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பின்னால் தள்ளிக்கொண்டு வந்த தன்யஸ்ரீ குப்புற விழுந்தாள். அழுவாள் என்று ஓடினேன். "தள்றதுதான் டீச்சர் ஜாலி, இன்னொருவாட்டி" என்றாள்.

போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பதினான்கு பேர்தான் வந்தார்கள். பத்து மணிக்கு அண்ணன் வந்தார். விழாக்குழுத் தலைவர் என்பதால் இப்போதெல்லாம் வேட்டி கசங்காமல் நடக்கிறார். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"என்ன விருத்தா, விளையாட்டு பண்றியா?"

"விளையாட்டுதான் அண்ணே. அங்கன்வாடியில வேற என்ன பண்ணுவாங்க?"

"தேருக்கு இன்னும் மூணு வாரம் முழுசா இல்ல. இந்த நேரத்துல வடத்தைத் தூக்கி அவனுங்க புள்ளைங்க கையில குடுத்து, போட்டோ வேற போட்டிருக்க."

"வடம் இல்லண்ணே. கொடிக்கயிறு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு இவ்வளவு கோவம்?"

வந்த வழியே திரும்பி நடந்தார். எனக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு அறுபத்தொன்று. நான் கடைசியாக இப்படி எதிர்த்துப் பேசியது என் கல்யாணத்துக்கு முன்னால் இருக்கும். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது பேர். ஊர்த்தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. தன்யஸ்ரீயும் வரவில்லை.

விழாக்குழுவிலிருந்து ஒரு கடிதம் தட்டச்சு செய்து வந்திருக்கிறது. நான் எழுதியதாக அவர்களே எழுதியது. 'ஊர் வழக்கத்தைக் குழந்தைகளிடம் தவறாகக் காட்டிவிட்டேன், வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது.' கையெழுத்துப் போட்டால் மறுநாளே பிள்ளைகள் வருவார்களாம். எண்ணெய் டப்பா அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. கடிதத்தை நாலாக மடித்து அதற்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 11, புதன்

மோர் வரவில்லை. நல்லதுதான், சளி பிடித்த மாதிரி இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

சூப்பர்வைசர் மேடம் போன் செய்தார். "நாலு வரிதானேம்மா, போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றார். மாட்டேன் என்றேன். முப்பத்தொன்றாம் தேதி மையத்துக்கு வரும்போது என்ன எண்ணிக்கையோ அதைத்தான் அறிக்கையில் எழுத முடியும் என்றார். பதினைந்துக்குக் கீழே இருந்தால் எங்கள் மையத்தை மூடிப் பக்கத்து ஊர் மையத்தோடு சேர்த்துவிடுவார்களாம்.

பக்கத்து ஊர் மையம் பெரிய ரோட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். காலனி அம்மாக்கள் ஏழு மணிக்கே களையெடுக்கப் போகிறவர்கள். யார் கொண்டுபோய் விடுவார்கள்? ஒன்பது பிள்ளைகளும் வீட்டோடு கிடக்கும். முட்டையும் போச்சு, பாட்டும் போச்சு. எனக்கு வேலை போகாது, வேறு ஊருக்கு மாற்றுவார்கள். ஊர்த்தெருக்காரர்கள் வேன் வைத்து டவுன் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் ஊர்த்தெருவில் வீடு வீடாகப் போனேன். யுகேஷின் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "அனுப்பணும்னுதான் டீச்சர் எனக்கும். அவனும் சோறு தொண்டையில எப்பிடிப் போவுதுன்னு கேட்டு உயிரை எடுக்கறான்" என்றாள். உள்ளேயிருந்து யாரோ கனைத்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மார்ச் 16, திங்கள்

ஓவியாவின் அம்மா கலைமதி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்துப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"எங்க புள்ளைய வச்சி உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை? நாளைக்கு ஒரு சண்டைன்னா உங்க வீட்டுக் கதவையா வந்து ஒடைப்பாங்க?"

"நான் எல்லாப் பிள்ளைகளையும் ஒண்ணாத்தாம்மா நடத்தறேன். அதைத்தான் செஞ்சேன்."

அவள் அறையைப் பார்த்தாள். "ஒண்ணாத்தான் நடத்தறீங்களா? பாய் ரெண்டு கெடக்குதே."

"ரெண்டா குடுத்தாங்க."

"ரெண்டா குடுத்தாங்க, சரி. யாரு எதுல உக்காரணும்னு பாயில எழுதியா குடுத்தாங்க?"

நான் பாயின் ஓரத்தைக் காலால் நீவிவிட்டேன்.

"நானும் இந்த அடுப்புப் பக்கத்துல உக்காந்தவதான் டீச்சர். நீங்க வேலைக்கு வந்த புதுசு. அப்ப வெறகு அடுப்பு. புகை கண்ணுல ஏறும். எடம் மாறி உக்காரலாமான்னு ஒருநாள் கேட்டேன். அவங்க அவங்க எடத்துல உக்காருங்கன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவில்லை. சத்துமாவு பாக்கெட் பாக்கி இருந்தது, கொடுத்தனுப்பினேன். இன்றைக்கு வேறு விசேஷம் எதுவும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

நினைவிருக்கிறது. ரெட்டை ஜடை, பச்சைப் பாவாடை. கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்.

கோணி ஊசியும் சணலும் வாங்கி வந்து இரண்டு பாயையும் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தேன். விரலில் நாலு குத்து. கயிற்றை எடுத்து ஓவியா கையில் கொடுத்தபோது பெரிய காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். இழுக்கிற பாய் எது, தள்ளுகிற பாய் எது என்று அதற்கு முந்தின நாள் சொன்ன வாய் யாருடையது? ஐந்தாம் தேதி 'வசதிக்காக' என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப்போவதில்லை. யாருடைய வசதி என்று மட்டும் பக்கத்தில் எழுதிவிட்டேன்: என்னுடையது.

வெட்கமாக இருக்கிறது. அதற்காகக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை. இப்போது நிச்சயமாகப் போடமாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

பிள்ளையைக் கூப்பிட ஏழுமலையே வந்தார். அதிகம் பேசாத ஆள். தைத்த பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து விழாக்குழுவுல இருந்து வந்தாங்க டீச்சர். வருசாவருசம் போல வெத்தலை பாக்கு வச்சிக் கூப்பிட்டாங்க. இந்த வருசம் தள்ள வரமாட்டோம்னு சொல்லிட்டோம். வடத்துல எங்களுக்கும் எடம் குடுத்தா வர்றோம். எல்லாரும் இழுப்போம், எல்லாரும் தள்ளுவோம்."

"என்னாலதானா இது?"

"உங்களாலயா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அப்பா காலத்துலருந்து கேக்கறோம் டீச்சர். இந்த வருசம் என்னன்னா, போட்டோவப் பாத்துட்டு ஓவியா கேட்டுச்சு. நான் கயிறு இழுத்தேன், நீ எப்பப்பா இழுப்பன்னு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

மார்ச் 25, புதன்

ஒன்பது பேர். தேரைத் தள்ளப் புல்டோசர் வருகிறதாம். அண்ணன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். வடத்தில் பத்து ஆள் சேர்த்துக்கொள்வதைவிட இரும்பைக் கூப்பிடுவது சுலபமாக இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

எங்கள் மையம் இருப்பது தெற்குத் தெரு முக்கில். தேர் அங்கேதான் திரும்ப வேண்டும். பிள்ளைகளைச் சன்னலில் ஏற்றி நிறுத்தினேன்.

புல்டோசர் நன்றாகத்தான் தள்ளியது. பின்னால் ஒரு தென்னங்கட்டையை அண்டக்கொடுத்து நேர்த்தெரு முழுக்கக் கொண்டுவந்துவிட்டது. மேளக்காரர்கள் வாசிப்பதே கேட்காத அளவுக்குச் சத்தம். முக்கில் வந்ததும் தகராறு. தேரைத் திருப்புவது இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில், எந்தச் சாய்வில் கட்டை போட வேண்டும் என்று தெரிந்த கை வேண்டும். ஊர்த்தெருப் பையன்கள் போட்ட கட்டை ஒன்று நசுங்கியது, ஒன்று தெறித்துக் கால்வாயில் விழுந்தது. மூன்றாவதைப் போட யாரும் குனியவில்லை. தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து எங்கள் வாசலுக்கு எதிரே நின்றுவிட்டது.

"எங்க அப்பா இல்லல்ல, அதான்" என்றாள் ஓவியா. கிண்டலாகச் சொல்லவில்லை. சோற்றில் உப்பு இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

மார்ச் 28, சனி

தேர் முக்கிலேயே நிற்கிறது. அம்மனை இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தேர் நிலைக்கு வராமல் ஊரில் அடுப்பு எரியக்கூடாது என்று ஒருத்தர் சொன்னார். அவர் வீட்டில் வடை சுடும் வாசனை.

மார்ச் 30, திங்கள்

ஊர்த்தெரு ஆண்கள் எல்லாரும் தேரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தன்யஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பேச்சு மும்முரத்தில் கையை விட்டிருப்பார் போல.

நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் தன்யஸ்ரீ உள்ளே நிற்கிறாள். பாயை ஒரு சுற்று பார்த்தாள். "ஒட்டிட்டீங்களா டீச்சர்?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே அட்டைத் தேருக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்தாள்.

"ஓவியா, நீ இழு. நான் தள்றேன்."

தேர் கிளம்பியது.

அண்ணன் ஓடி வந்தார். நிலைப்படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். மூன்று வாரமாக அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை.

"தாத்தா! நம்ம தேரு இழுக்கறவங்க மட்டும் இருந்தா போவாது. தள்றவங்களைக் கூப்பிடுங்க. டீச்சர் பாடத்துலயே இருக்கு."

வெளியே நின்ற கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏழுமலை நீ சொன்னா கேப்பான். வந்து கட்டை மட்டும் போட்டுட்டுப் போகச் சொல்லு விருத்தா. ஊர் மானம் போவுது."

"என்ன கேக்கறாங்கன்னு உனக்குத் தெரியும். தூதுக்கு நான் எதுக்கு? நாலு எட்டுல இருக்குது காலனி."

"இப்ப நீ யாரு பக்கம்?"

"பத்தொம்பது வருசமா உன் பக்கம்தாண்ணே இருந்தேன். அதுதான் தப்பு."

அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. என்ன இருந்தாலும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டினவர். ஆனால் அந்தக் கஷ்டத்துக்காக நான் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தன்யஸ்ரீயைக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றாள்.

"சாப்பிடற நேரம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் என்னிடம்.

"இன்னிக்கு முட்டை. இங்கயே சாப்பிடுவா."

நிலைப்படியிலிருந்து காலை எடுத்தார். பிறகு அவளை விட்டுவிட்டுப் போனார்.

தன்யஸ்ரீ ஓவியா பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் கருவை மட்டும் தின்றாள். வெள்ளையை ஓவியா தின்றாள். இருவருக்கும் இதில் முன்பே உடன்பாடு இருந்திருக்கும் போல. இரண்டு பாயாக இருந்தபோது எப்படிக் கைமாற்றினார்களோ, தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

எட்டரைக்கு யுகேஷின் அம்மா வந்தாள். பின்வாசல் வழியாக இல்லை, தேருக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தலைவர் பேத்தி போகலாம், என் பிள்ளை போகக்கூடாதா என்று தெருவில் கேட்டுவிட்டுத்தான் வந்தாளாம். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து அம்மாக்கள். தன்யஸ்ரீயை யாரும் கொண்டுவந்து விடவில்லை, அவளே வந்தாள்.

சூப்பர்வைசர் மேடம் பதினொரு மணிக்கு வந்து இரண்டு தடவை எண்ணினார். பதினாறு. எழுதிக்கொண்டார். தைத்த பாயைக் காட்டி, "இது எந்தக் கணக்குலம்மா வருது?" என்றார். பாடக் கணக்கில் என்றேன். அந்தக் கடிதம் என்ன ஆச்சு என்று கேட்டார். எண்ணெய் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

பெரிய தேர் இன்னும் முக்கில் சாய்ந்தபடி நிற்கிறது. ஏழுமலையும் ஆட்களும் இறங்கி வரவில்லை, விழாக்குழுவும் இறங்கி வரவில்லை. தாசில்தார் நாளைக்குப் பேசுவாராம். பேசட்டும். எங்கள் தேர் இன்று ஆறு சுற்று ஓடியது. முறை போட்டு இழுத்தார்கள், முறை போட்டுத் தள்ளினார்கள். தள்ளுகிற இடத்துக்குத்தான் சண்டை.

சாயங்காலம் இருபது நாள் கழித்து அண்ணியிடமிருந்து மோர் வந்தது. கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் போட்டிருந்தாள். வாசனையே ஆளைத் தூக்கியது. எனக்கு மோர் எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொம்பை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். ஏழுமலை கையில் வடத்தைக் கொடுக்கிற அன்றைக்குக் கொடுத்தனுப்பச் சொல், ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன்.